தொடாமல் பாடும் பெட்டி

என் வாயில் கொள்ளியைத்தான் வைக்க வேண்டும். இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். என் தம்பி திருநெல்வேலி ஜங்ஷனில் ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தான். பழைய ரேடியோக்களிலிருந்து பிடுங்கிய சாமான்களை வைத்து, இரண்டு வருஷம் மெனக்கெட்டு ஒரு வாத்தியப் பெட்டி செய்தான். கட்டை கிடையாது, தந்தி கிடையாது. மேலே ஒரு செம்புக் கம்பி மட்டும் நிற்கும். அதைத் தொடவே கூடாது. கம்பிக்கு எதிரே கையைக் காற்றில் அசைத்தால் பாடும். கிட்டே போனால் குரல் ஏறும், விலகினால் இறங்கும். கை என்றில்லை, எது கிட்டே வந்தாலும் ஏறும். ஒருநாள் எங்கள் பூனை குறுக்கே போய், அது வீல் என்று அலறியதில் அம்மா உலையைக் கவிழ்த்துவிட்டாள்.

செய்தவனுக்கோ சுருதி சுட்டுப்போட்டாலும் வராது. நான்தான் வாசிப்பேன். "எக்கா, ஒனக்குக் கையிலயும் காது இருக்கு" என்பான். எனக்குப் பெருமை தாங்காது.

ஊரில் அவனைக் கிறுக்கன் என்றார்கள். பம்பாயிலிருந்த மாமா, வேலை தயார், பையனை அனுப்பு என்று கடிதம் மேல் கடிதம் போட்டார். அவன் மாட்டேன் என்றான். அம்மா சோறு தின்னாமல் கிடந்தாள். கடைசியில் வில்லுப்பாட்டு அண்ணாச்சி ஒருவர் இரங்கினார். "அம்மன் கொடைக்கு மத்தியானம் பெட்டியக் கொண்டு வாலே. சனம் ரசிச்சா என் செட்டுல சேத்துக்கிடுதேன்." இது நடக்காவிட்டால் பம்பாய்தான் என்று ஆகிவிட்டது. அவன் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கென்று யார் இருக்கிறார்கள்?

கொடைத் திருவிழா அன்று விடியக்காலம் நான் வீட்டுக்குத் தூரமாகிவிட்டேன். மூன்று நாள் புறவாசல் சாய்ப்பில் ஒதுங்கியிருக்க வேண்டும். கோயில் பக்கம் தலைகாட்டக் கூடாது. யாரிடம் சொல்வேன்? தொடாமல் வாசிக்கிற பெட்டிதானே, அம்மனுக்கு என் நிலைமை தெரியாதா என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு, தலைக்கு ஊற்றிவிட்டுப் போனேன்.

முதல் பாட்டு அப்படி வந்தது! அண்ணாச்சி வில்லை நிறுத்திவிட்டுத் தலையாட்டிக் கேட்டார். தம்பி என் பக்கத்தில் பந்தல்காலைப் பிடித்தபடி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அந்த நேரம் பார்த்து, அருள் வந்த சாமியாடி வேப்பிலையோடு எங்களை நோக்கி ஓடி வந்தார். பெட்டி வீறிட்டது. கையை எடுத்தேன், நிற்கவில்லை. அவர் நெருங்க நெருங்க இன்னும் அலறியது.

"குத்தம்! குத்தம் நடந்திருக்கு!" என்று சாமியாடி என் முகத்துக்கு நேரே கத்தினார்.

"தாயே, நான் தூரம்! என்னை மன்னிச்சிரு!" என்று தரையில் விழுந்தேன்.

அவ்வளவுதான். நாலு பேர் பெட்டியைக் கம்பால் நெம்பித் தூக்கிப்போய் ஆற்றில் போட்டார்கள். "ஆள் கிட்ட வந்தா அது அலறத்தான் செய்யும் அண்ணாச்சி, குத்தமில்ல" என்று தம்பி ஒவ்வொருவர் காலிலும் விழுந்தான். யாரும் காது கொடுக்கவில்லை.

மறுநாளே பம்பாய்க்குப் புறப்பட்டான். நான் சாய்ப்பில் கிடந்தேன். பையோடு வந்து நின்றான்.

"ஆள் கிட்ட வந்தா அலறும்னு ஒனக்குத் தெரியாதா எக்கா?"

"தெரியும்லே."

"பொறவு ஏன் சொன்ன?"

"பயந்துட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா. பக்கத்துலதான நின்னேன்."

நான் தலையைத் தூக்குவதற்குள் போய்விட்டான்.