தலையில் கட்டிய காந்தம்

எண்பதுகளில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் நானும் என் நாத்தனார் செல்வியும் கொழுந்து பறித்தோம். செல்விக்கு நெஞ்சுப் படபடப்பு உண்டு. பக்கத்து ஊரான தானா ராத்தாவின் ஆஸ்பத்திரி மாத்திரையில்தான் நடமாடினாள்.

ஒரு மாலை, கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குக் காந்தப் பட்டை விற்பவன் ஒருவன் வந்தான். கூடையைச் சுமந்து மேடேறி வந்த செல்வியின் மணிக்கட்டைப் பிடித்து, "நாடி எப்படி ஓடுது பாருங்கக்கா" என்றான். அவளை உட்காரவைத்து, பலர் தலையில் மாட்டிய, எண்ணெயும் வேர்வையும் நாறும் பட்டையை நெற்றியில் கட்டி, ஊர்க்கதை பேசினான். சற்று நேரத்தில் நாடி அடங்கியிருந்தது.

"காந்தம் மூளையைத் தொட்டா நெஞ்சு சொன்னபடி கேக்கும்லா. மாத்திரைய விட்டுடுங்க."

செல்வி ஒரு பட்டையை வாங்கினாள், மாத்திரையை விட்டாள். அந்த வாரமே பட்டையும் கூடையுமாகச் செடிகளுக்கு நடுவே மயங்கி விழுந்தாள். லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்தது தெய்வச் செயல்.

அவன் மறுபடி வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். "காந்தம் உள்ளே வேலை செய்யுதுலா, அதான் மயக்கம்" என்று பல்லைக் காட்டினான்.

அன்று கூடையை இறக்கியதும் என் நாடியை நானே தொட்டுப் பார்த்தேன். குதித்தது. பட்டை ஏதுமின்றிச் சும்மா உட்கார்ந்தேன். தானாக அடங்கியது. மேடேறி வந்தவளின் இளைப்பையே நோயாகக் காட்டியிருக்கிறான்.

இப்போது யாராவது நாடி பார்க்கக் கையை நீட்டினால், "இருங்க, மொதல்ல கொஞ்ச நேரம் உக்காந்துக்கிறேன்" என்கிறேன். வைத்தியர்கள் காத்திருக்கிறார்கள். விற்க வந்தவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள்.