கண்ணாடி இல்லாமல் பார்த்த மாப்பிள்ளை

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரையும் நான் மங்கலாகத்தான் பார்த்திருக்கிறேன். எனக்குக் கிட்டப்பார்வை. அவர்கள் படியேறும் சத்தம் கேட்டதும் அம்மா என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவிடுவாள். கண்ணாடி போட்ட பெண் விலைபோகமாட்டாள் என்று அன்றைய மாட்டுங்காவில் எல்லோரும் நம்பினார்கள். ஆகவே மாப்பிள்ளை என்றால் எனக்கு வெள்ளைச் சட்டைக்கு மேலே ஒரு பழுப்பு உருண்டை, அவ்வளவுதான்.

உலகப் போர் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பரேலில் ஒரு மருந்தியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். போரின்போது ரகசியமாகச் செய்து வைத்திருந்த நரம்பு விஷங்களைப் பற்றி அப்போதுதான் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. அந்த வகையில் வீரியம் குறைந்த ஒன்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தோம். அட்ரோபின் என்ற முறிமருந்தை ஊசி போட்டால் எலி பிழைத்துவிடும். மூச்சு சீராகும், தின்னும், தூங்கும். ஆனால் பழக்கிய பாதையில் விட்டால் முட்டிக்கொண்டு நிற்கும். தீனி இருக்கும் மூலை மறந்திருக்கும். உயிர் தப்பியது, மூளை தப்பவில்லை. மூளைக்கு எதைக் காவல் வைப்பது என்பதுதான் எங்கள் கேள்வி. அது தெரியும்வரை வேலையை விடுவதில்லை என்று நான் இருந்தேன். கல்யாணம் ஆனதும் விட்டுவிடுவாள் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, குப்பியைத் திறக்கும்போது ஆவி கொஞ்சம் என் கண்ணில் பட்டுவிட்டது. தலைவலி மறுநாளே போயிற்று. கண்பாப்பா மட்டும் ஊசிமுனை போலச் சுருங்கி அப்படியே நின்றது. விளக்கு வெளிச்சத்தில் வீடே இருட்டாகத் தெரிந்தது. வெயிலில் நேர்மாறு: அத்தனை சின்னத் துவாரத்தின் வழியே பார்த்தால் கிட்டப்பார்வைக்காரிக்கும் எல்லாம் தெளிவாகத் தெரியும். அதுவரை நான் அதைப் புத்தகத்தில்தான் படித்திருந்தேன்.

ஞாயிறு மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள்.

"தாராவியில தோல் பதனிடற நாத்தம் அடிக்கறது, ஜன்னலைச் சாத்துடி," என்றாள் அம்மா.

"சாத்தினா இருட்டுல காபியை அவா மடியிலதான் கொட்டுவேன்," என்றேன். ஜன்னல் திறந்தே இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்ததிலிருந்து புடவைத் தலைப்பை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

முதல்முறையாக ஒரு மாப்பிள்ளையின் முகத்தை முழுசாகப் பார்த்தேன். நல்ல முகம். மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாகப் பள்ளம் விழுந்திருந்தது. சட்டைப் பை புடைத்துக்கொண்டு இருந்தது. அடப்பாவமே, அவனையும் கண்ணாடியைக் கழற்றச் சொல்லித்தான் கூட்டிவந்திருக்கிறார்கள். என்னைப் பார்ப்பதாக நினைத்து அவன் எனக்குப் பக்கத்தில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிடிச்சிருக்கு," என்றான் அப்பாவிடம். "வேலையை மட்டும் விட்டுடச் சொல்லுங்கோ."

"அதுக்கென்ன, விட்டுடுவா," என்றார் அப்பா.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "கண்ணாடியைப் போட்டுண்டு பார்த்துட்டுச் சொல்லுங்கோ," என்றேன்.

அவன் அசடு வழியச் சிரித்து, பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். நிதானமாக என்னைப் பார்த்தான்.

"கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

சொன்னேன்.

"அந்த விஷம் மூளைக்கும் ஏறுமா?"

எங்கள் வீட்டில் ஒருத்தரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. கோபம் போன இடம் தெரியவில்லை. எலிகளைப் பற்றி, அவை மறந்துபோன மூலையைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவன் காபியை மறந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"பிழைச்ச எலி ஏன் வழியை மறக்கறது?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் தினம் போறேன்."

"இனிமேலும் போவேளா?"

"போவேன்."

"போறும், எழுந்திருடா," என்றாள் அவன் அம்மா.

அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

மறுநாள் வழக்கம்போல டிராம் பிடித்துப் பரேல் போனேன். அவர்களுக்கு ஏன் பிடிக்காமல் போயிற்று என்று வீட்டில் பல நாள் பேசினார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எனக்கு அவனைப் பிடித்திருந்தது என்றுதான் சொல்லியிருப்பேன்.