கயாக்கை இழுத்த பாரை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளும் இருக்கும். ஆரம்பப் பள்ளியோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிஜியில் ஆட்சியை ராணுவம் பிடித்ததும் சுற்றுலாக்காரர்கள் வரவில்லை. சவேனி கடற்கரை ஓட்டலின் கயாக்குகள், ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுக்கமான படகுகள், மணலில் சும்மா கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்ட பூர்வகுடி ஃபிஜியர் மலைபோல இருப்பார். பேசுவதற்கு முன்பே சிரித்துவிடுவார். எங்கள் இந்திய வம்சாவளி ஆட்கள் பலர் பயந்து நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். எனக்கும் ஆஸ்திரேலியா விசா வந்திருந்தது.

"தவாலே, கடல்ல ஒரு மீன்கூட பிடிக்காமலா போகப்போறே? ஏறு!" என்று இந்தியில் கூப்பிட்டார். தவாலே என்றால் மச்சான். கேலி செய்ய உரிமையுள்ள முறை.

ஆளுக்கொரு கயாக்கில் போனோம். தூண்டில் நரம்பு வெடுக்கென்று இழுத்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது! ஏர்மாட்டை அடக்குவதுபோல் காலை ஊன்றி இழுத்தேன். கயாக் சாய்ந்தது.

"தவாலே, அது உன் மாடு இல்ல! விட்டுப் பிடி!"

விட்டேன். ஒரு பாரை மீன் என்னைக் கயாக்கோடு இழுத்துக்கொண்டு ஓடியது! நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் கடலே அதிரக் கத்தினேன்.

மீன் களைத்ததும் இருவருமாக இழுத்துப் போட்டோம். கரையில் அவர் பாரையை என் கையில் கொடுத்தார்.

"அங்கே உன்னை யாரு தவாலேன்னு கூப்பிடுவா?"

அப்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை. ஏன் என்று இன்னும் யோசிக்கிறேன். நான் ஆஸ்திரேலியா போகவில்லை.

சவேனி, தீமிதிக்கு மறுநாள், ஞாயிறு.