மைனஸ் ஐந்தாம் வீடு

மண்சரிவு நடந்து ஒரு மாதம் கழித்துத்தான் அந்த புரோகிராம் என் கைக்கு வந்தது. பதுளையில் எங்கள் அலுவலகத்தில் அடுத்தவர் எழுதிவிட்டுப் போனதைப் பழுதுபார்ப்பது என் வேலை. திட்டிக்கொண்டே பார்ப்பது என் வழக்கம்.

அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கான எச்சரிக்கை புரோகிராம் அது. மழை கூடினால் வீட்டுக்கு வீடு தானாகவே போன் அடித்துப் பேசும். அங்கே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் முதுகோடு முதுகு ஒட்டியவை. ஒற்றை எண் வாசல்கள் மலைப்பக்கம், இரட்டை எண் வாசல்கள் ரோட்டுப்பக்கம். பாதை ஒடுக்கம், எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்க முடியாது என்பதால் ஒற்றை எண்களுக்கு "இப்பவே வெளியேறுங்க" என்றும், இரட்டை எண்களுக்கு "அடுத்த அழைப்பு வரும்வரை வீட்டிலேயே இருங்க" என்றும் போக வேண்டும்.

அந்த மண்சரிவில், தோட்டத்தின் கீழ்ப்பிரிவு ஐந்தாம் வீட்டுச் செல்வராஜ் மண்ணுக்குள் போய்விட்டார். மற்றவர்கள் மழையோடு மழையாகக் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். மலையில் சிக்னல் கிடையாது. காய்ச்சலில் படுத்திருந்த அவர் மட்டும்தான் போனை எடுத்தார். "எச்சரித்தும் வெளியேறவில்லை" என்று விசாரணை அறிக்கை எழுதிவிட்டார்கள். குடித்துவிட்டுக் கிடந்திருப்பான் என்று தோட்டமே சொன்னது.

"மத்தத் தோட்டங்களுக்கும் போடப் போறோம். சும்மா ஒருக்கா பார்த்துட்டுக் குடுங்க" என்றார் எங்கள் மேலதிகாரியான சேர்.

ஒற்றை எண்ணா என்று பார்க்கும் வரியைத் திறந்தேன். இரண்டால் வகுத்து மீதி ஒன்றா என்று கேட்டிருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. வெறும் எண்களாகப் பதிந்திருந்த மேல்பிரிவில் சோதித்துப் பார்த்துக் கைதட்டியும் இருக்கிறார்கள். ஆனால் கீழ்ப்பிரிவு வீடுகள் "கீழ்-5" என்று பதியப்பட்டிருந்தன. எழுத்தை நீக்கிய புரோகிராம் நடுவிலிருந்த சிறு கோட்டுக்குறியை விட்டுவைத்ததால், 5 என்பது -5 ஆகி, மைனஸ் ஐந்தாகிவிட்டது. ஜாவா என்ற கணினி மொழியில் மைனஸ் ஐந்தை இரண்டால் வகுத்தால் மீதி மைனஸ் ஒன்று. அது ஒன்று இல்லை, ஆகவே இரட்டை எண் என்று முடிவு. கீழ்ப்பிரிவு முழுவதற்கும் "வீட்டிலேயே இருங்க" என்றே அழைப்பு போயிருக்கிறது.

மீதி பூச்சியமாக இல்லாவிட்டாலே ஒற்றை எண் என்று மாற்றினேன். கோட்டுக்குறியையும் நீக்கினேன். ஐந்து நிமிட வேலை.

"திருத்தியாச்சுல்ல? அறிக்கையக் கிண்டாதீங்க. கிணறு வெட்டப் போயி பூதம் கெளம்பிரும்" என்றார் சேர்.

"பூதம் கெளம்பி ஒரு ஆளையும் முழுங்கிருச்சு சேர்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோட்டத்துக்குப் போனேன். செல்வராஜின் மனைவி லெட்சுமி மற்றக் குடும்பங்களோடு பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கியிருந்தாள். எல்ல என்ற ஊரில் ஒரு விடுதியில் வேலை பார்ப்பவள். மண்சரிவு அன்றும் அங்கேதான் இருந்திருக்கிறாள். நடந்ததைச் சொன்னேன். மைனஸ் கணக்கெல்லாம் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும்படி எங்கள் போன்தான் தப்பாகச் சொன்னது என்றேன்.

"மழையப் பார்த்துட்டு நான் போன் போட்டேங்க. 'வீட்டுலயே இருக்கச் சொல்றாங்க'ன்னாரு. குடிச்சிட்டு பொய் சொல்லாதீங்கன்னு ஏசிட்டுக் கட் பண்ணிட்டேன். அதுதாங்க கடைசி." சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "அப்ப அவரு பொய் சொல்லலீங்களா?"

"இல்லம்மா. உண்மையத்தான் சொல்லியிருக்காரு."

வெகுநேரம் அழுதாள். பிறகு எழுந்து மண்டபத்து நடுவில் போய் நின்றாள். "எல்லாரும் இங்க வாங்க. ஐயா, எங்கிட்ட சொன்னத இவங்களுக்கும் சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க."

சொன்னேன். செல்வராஜ் குடித்துவிட்டுக் கிடக்கவில்லை, நாங்கள் இருக்கச் சொன்னோம், இருந்தார் என்று. யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் எழுதும் வரியை யாரோ ஒருவர் அப்படியே நம்பி உட்கார்ந்திருப்பார். அவருடைய வீட்டு எண்ணையும் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.