பஸ் திரும்பும் இடம்

காலை ஆறு பத்து. எங்கள் புறநகர்த் தெருமுனையில், தூங்குமூஞ்சி மரத்தடியில் புதிய பலகை ஒன்று நின்றது: 'நம் பகுதியில் பார்க்க வேண்டிய இடங்கள்'. பூங்கா, ஏரிக்கரை, நூலகம் என்று பதினான்கு வரிகள். படித்து முடிப்பதற்குள் அலுத்துவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் அப்பா மலைமேல் ஜமுனாமரத்தூரில் வாத்தியார். வேலூரில் வளர்ந்த அம்மாவுக்கு மலை ஒட்டவில்லை. தாய்வீட்டுக்கே போகிறேன் என்றவளை நிறுத்த, வாரம் ஓரிடம் காட்டுவதாக அப்பா சொன்னார். முதல் வாரம் அருவி. அடுத்த வாரம் சந்தை. புளி மூட்டைகளின் வாசனையில் அம்மாவுக்குத் தலைவலி வந்தது. மூன்றாவது வாரம், அடிவாரம் தெரியும் ஒரு பாறை. அங்கே உட்கார்ந்து, வேலூருக்கு இறங்கும் வழியான ஒடுகத்தூர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காவது வாரம் காட்ட ஒன்றுமில்லை. வேலூர் பஸ் திரும்புவதைப் பார்க்க அம்மாவையும் சிறுபிள்ளையான என்னையும் அழைத்துப்போனார். குறுகலான இடத்தில் வண்டி முன்னும் பின்னும் நகர்ந்து, புகையைக் கக்கித் திரும்பியது.

"இன்னாங்க, இதான் இந்த வாரத்து இடமா?"

"வேற இன்னா கீது இங்க?" என்று அப்பா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "ஏறுங்கம்மா, ஜன்னலோரம் காலியா கீது" என்றார் கண்டக்டர். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

அப்பா ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். "துணிமணி எல்லாம் வூட்ல கீதே?"

"யார்கிட்டயாச்சும் குடுத்தனுப்புங்க. புதுசா பாக்க ஏதாச்சும் வந்தா கடுதாசி போடுங்க."

அப்பா ஓய்வுபெறும்வரை அந்தப் பள்ளியிலேயே இருந்தார். அம்மா அதற்குப் பிறகு மலையேறவில்லை.