மூன்று வருடம் ஓடினால்தான் லாபம்

ஷோரூமில் என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "கிலோ கேஸுக்கு எத்தனை கிலோமீட்டருங்க குடுக்கும்?" என்பதுதான். இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டியவர். காரின் நிறத்தைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அப்போது அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டிருந்தன. வாரம் மூன்று நாள் மேச்சேரியிலிருந்து சேலத்துக்கு டயாலிசிஸ் செய்யப் போய்வந்தோம். வாடகைக் கார் கட்டுப்படியாகவில்லை. ஐம்பது வயதில் நான் கார் ஓட்டப் பழகியதே அதற்காகத்தான். நாங்கள் பார்த்த காரில் இரண்டு வகை இருந்தது. பெட்ரோலில் மட்டும் ஓடுவது விலை குறைவு. கேஸிலும் பெட்ரோலிலும் ஓடுவது விலை கூடுதல், ஆனால் கேஸில் ஓட்டினால் செலவு வெகுவாகக் குறையும்.

"ஆனா ஒண்ணுங்க சார்," என்றார் விற்பனைக்காரர். "இப்பக் கூடக் குடுக்கற காசு திரும்பக் கைக்கு வரோணும்னா மூணு வருசம் ஓட்டோணும். அதுக்கப்புறந்தான் லாபம்."

மூன்று வருடம். டாக்டர் எங்களிடம் இத்தனை வருடம் என்று கணக்குச் சொன்னதே இல்லை. நான் பெட்ரோல் காரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஓட்டுவோம். கேஸ் வண்டியே போடுங்க," என்றார் இவர்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வண்டி வந்தது. டிக்கியை முழுசாகச் சிலிண்டர் அடைத்துக்கொண்டதால் அவருடைய சக்கர நாற்காலி வீட்டிலேயே தங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலுக்கு அவர்களுடைய நாற்காலி வரும் என்று சமாதானம் செய்துகொண்டோம். பெட்ரோலோ, வண்டியைக் கிளப்பத் தேவையான அளவுக்கு மேல் ஒரு சொட்டு போடவிட மாட்டார். "கேஸ் வண்டிய வாங்கிப் பெட்ரோல்ல ஓட்டறதுக்கு நாம என்ன கிறுக்கா?" என்பார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, நான் கியர் மாற்றத் தாமதித்தால் 'ச்சு' கொட்டுவார். கொஞ்சம் வேகமாகப் போனால், தன் காலை யாரோ மிதித்த மாதிரி முகம் சுளிப்பார். என் உயிரை வாங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

வாங்கிய ஆறாவது மாதம், ஒரு புதன்கிழமை, போகும் வழியில் ஓமலூர் பங்கில் கேஸ் இல்லை என்று போர்டு வைத்திருந்தார்கள். பெட்ரோல் போட்டுக்கொண்டு போகலாம் என்றேன்.

"ஒரு நாள் போகாட்டி ஒண்ணும் ஆகாது. வண்டியத் திருப்பு அம்மிணி."

திருப்பினேன். அன்றைக்கு ஏன் அவர் பேச்சைக் கேட்டேன் என்று என்னையே நான் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் முகம் ஊதியிருந்தது. உடம்பில் தண்ணீர் சேர்ந்துவிட்டது. கட்டிலிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸைக் கூப்பிடவா என்றேன். "நம்ம வண்டி எதுக்கு நிக்குது?" என்றார். கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்காரவைத்தேன். ஓமலூரை நெருங்கும்போது கேஸ் காட்டும் கோடு ஒன்றே ஒன்றுதான் மிச்சம், அதுவும் சிமிட்டியது. பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. அவர் கேஸ் வரிசையைக் கையால் காட்டினார். பழக்கதோஷத்தில் நானும் அதிலேயே போய் நின்றேன்.

முன்னால் ஐந்து வண்டிகள். பின்னால் ஒரு ஆட்டோ வந்து ஒட்டி நின்றது. இவர் டேஷ்போர்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் நெஞ்சுக்குள் சளசளவென்று சத்தம். ஒரு வழியாக எங்கள் முறை வந்தது.

கேஸ் அடிக்கும் பெண் கண்ணாடியைத் தட்டினாள். "எல்லாரும் எறங்கிக்கோங்கக்கா. வண்டிக்குள்ள ஆள் இருந்தா அடிக்கக் கூடாது."

"இவரால முடியாது சாமி. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

அவள் குனிந்து அவரைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. ஆனாலும், "ரூல்ஸுங்கக்கா, வெடிச்சா எல்லாருக்குந்தான்," என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். இவர் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். நிற்க முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. சக்கர நாற்காலி மேச்சேரியில் இருந்தது.

அவர் காலைத் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். பின்னால் ஓடி, ஆட்டோக்காரரைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் வரிசையே பின்வாங்கியது. வண்டியைப் பின்னுக்கு எடுத்து, பின்பக்கம் இருந்த பெட்ரோல் பம்புக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"டேங்க ரொப்புங்க!"

"ஐநூறுக்கு... போதும்," என்றார் அந்த மூச்சிலும்.

"வாய மூடிக்கிட்டு உக்காருங்க," என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை.

சேலம் வரைக்கும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. அவர் ஒரு 'ச்சு'கூடக் கொட்டவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. கொட்டுங்களேன், ஒரு தடவை கொட்டுங்களேன் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே ஓட்டினேன். ஆஸ்பத்திரியில் அவரை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்த நர்ஸ், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்.

இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். திரும்பி வரும் வழியில், ஓமலூர் தாண்டியதும், அவர் பெட்ரோல் முள்ளைப் பார்த்தார்.

"இத்தன பெட்ரோலு. ஷோரூம்காரன் சொன்ன மூணு வருசம் இன்னுந் தள்ளிப்போச்சு அம்மிணி."

"போகட்டும். நல்லாத் தள்ளிப் போகட்டும். அது வர்ற வரைக்கும் நீங்க இந்த சீட்டுல உக்காந்திருக்கோணுமல்ல?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊர் வரும்வரை முகத்தைத் திருப்பவே இல்லை.

வண்டி வாங்கி இப்போது இரண்டரை வருடம் ஆகிறது. பங்கில் கேஸ் இருக்கும் நாளிலும், வாரம் ஒரு தடவை பெட்ரோல் பக்கம் கொண்டுபோய் நிறுத்துகிறேன். அவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். முன்போலத் தடுப்பதில்லை.

"இப்ப எத்தன மாசம் தள்ளிப்போச்சு?" என்று மட்டும் கேட்பார்.

அத்தனை மாதம் பற்றாது என்று, இன்னும் கொஞ்சம் பெட்ரோல் போடச் சொல்வேன்.