கந்தையா கிராணியாரும் இல்லாத ரேடியோவும்

சென்ற வெள்ளிக்கிழமை தேக்கா சந்தையில் மரவள்ளிக்கிழங்குக்கு வரிசையில் நின்றேன். பக்கத்து வீட்டுச் சைக்கிள்காரர் வந்து, "உங்க கிராணி போயிட்டாரு அண்ணே" என்றார். வழக்கம்போல ஏதாவது கிண்டலாகச் சொல்ல வாயைத் திறந்தவன், வரிசையை விட்டு விலகி நடந்தேன்.

கந்தையா அவர்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரர். ஆற்றோரத்தில் ஒரு டென்மார்க் கம்பெனியின் கிட்டங்கியில் கிராணியாகக் கணக்கும் கடிதமும் பார்த்தவர். நான் அங்கே மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தலையாள். மூன்றாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு வந்த முதல் நாளே, "என்ர பேனையை ஆர் எடுத்தது?" என்று கேட்டார்.

"என்ரவா? அது எந்த ஊர்ச் சரக்கு ஐயா, கப்பல்ல வந்துச்சா?" என்றேன்.

கோபப்படுவார் என்று எல்லாரும் பார்த்திருந்தார்கள். அவரோ, "உம்மட வாயைத்தான் முதல்ல பூட்ட வேணும்" என்று சிரித்தார். பேனா என் காதில்தான் செருகியிருந்தது.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரர்களைச் சாங்கிச் சிறைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். எங்கள் கம்பெனித் துரையை மட்டும், டென்மார்க்காரர், எதிரி இல்லை என்று விட்டுவைத்தார்கள். கப்பலும் இல்லை, சரக்கும் இல்லை. ஊரே ஜப்பான் பாஷை படித்துக்கொண்டிருந்தபோது கந்தையா ஐயா துரையிடம் டேனிஷ் படித்தார். ஏன் என்று கேட்டேன்.

"அந்த மனுசன் வீட்டுக் கடிதம் கண்டு ரெண்டு வருசம். அவர்ர பாஷையில கதைக்க ஒராள் வேணாமோ, காணும்?"

துரை கொடுத்த பயிற்சி இதுதான். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு என் தராசு, உன் தராசு, எங்கள் தராசு, அவர்கள் தராசு என்று டேனிஷில் எழுத வேண்டும். ஐயா ஒவ்வொன்றுக்கும் அடியில் தமிழிலும் எழுதிக்கொள்வார். 'என்' என்பதற்கு அங்கே 'மீன்' என்பார்களாம். சில பொருளுக்கு அதுவே 'மித்' என்று மாறுமாம்.

"சந்தையில மீனைக் கண்ணால பாத்து மாசமாச்சு. நீங்க தினம் இருபது மீன் பிடிக்கிறீங்களே லா!" என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

கிட்டங்கியில் இருந்த பொருளெல்லாம் எழுதித் தீர்ந்துபோனது. "வேற ஒரு சாமான் சொல்லும்" என்றார்.

"எப்பப் பாத்தாலும் சாக்கு, கயிறு. சொந்தம் கொண்டாடுறதுதான் கொண்டாடுறீங்க, நல்லதா கொண்டாடுங்க. ரேடியோன்னு எழுதுங்க ஐயா."

வெளிநாட்டுச் சேதி கேட்கும் ரேடியோ வைத்திருந்தால் தலை போகிற காலம் அது. "விசரன் காணும் நீர்" என்று திட்டிக்கொண்டே எழுதினார். என் ரேடியோ, உன் ரேடியோ, எங்கள் ரேடியோ. இல்லாத சாமானுக்கு இத்தனை சொந்தக்காரர்களா என்று இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பத்து நாள் கழித்து, துரைமேல் சந்தேகப்பட்டு ராணுவப் போலீஸ் கிட்டங்கியைச் சோதனை போட்டது. ஐயாவின் டேனிஷ் பாட நோட்டுப் புத்தகம் அகப்பட்டது. கூட வந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் அடியிலிருந்த தமிழை வாசித்தார்.

"எங்கள் ரேடியோ. எங்கே அது?"

"ஐயா, அது பாடம். பாஷைப் பயிற்சி."

"இந்த வார்த்தையை யார் கொடுத்தது?"

நான் ஐந்தடி தள்ளி நின்றிருந்தேன். கந்தையா ஐயா என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் யோசிச்சு எழுதினது" என்றார். எல்லாரையும் கேலி பேசுகிற என் வாய் அப்போது திறக்கவில்லை.

இல்லாத ரேடியோவை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்? அடித்தார்கள். வயிறு ஊதத் தண்ணீர் ஊற்றினார்கள். மன்றாடப் போன துரையை வீட்டுக்குள்ளேயே அடைத்தார்கள். ஜப்பான் தோற்றபின்தான் ஐயாவுக்குச் சிறைக்கதவு திறந்தது. வீட்டுக்கு வந்தவர் பாயை விட்டு எழவில்லை. வலது கை விரல்கள் மடங்கவில்லை.

நான் தினமும் போவேன். அவர் மனைவி நாகம்மா அக்கா எனக்கும் ஒரு கோப்பை கஞ்சி கொடுப்பார். ஒரு நாள் அக்கா அடுப்படிக்குப் போனதும், "ஏன் ஐயா என் பேரைச் சொல்லலே?" என்று கேட்டேன்.

"சொன்னா ரெண்டு பேர் அடி வாங்கியிருப்பம். ரேடியோ அப்பவும் வந்திராது" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "இவளுக்குச் சொல்லிப்போடாதையும். பிறகு உமக்குக் கஞ்சி கிடையாது" என்றார்.

அக்கா, ஆறு வாரம் அந்தக் கஞ்சியைக் குடித்தேன். அந்த வார்த்தையைக் கொடுத்தவன் நான். ஐயாவின் பேச்சை மீறித்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் கதவைச் சாத்தினாலும் எனக்குக் கேட்க நியாயமில்லை.

சனிக்கிழமை பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தேன். தூக்குகிறோம் என்றே தெரியவில்லை, அவ்வளவு இளைத்திருந்தார். துரை பின்னால் நடந்தே வந்தார். சுடுகாட்டில் தொப்பியைக் கழற்றி, ஐயாவின் முகத்தருகே குனிந்து, தம் பாஷையில் வெகுநேரம் ஏதோ சொன்னார். சுற்றி நின்ற எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கக்கூடிய ஒருவர் கண்மூடிப் படுத்திருந்தார்.

போய் வாருங்கள், ஐயா.